தொய்வும் ஓட்டமும்

பரண்மேல் பல்லாண்டுகள் கிடந்த 8 மில்லிமீட்டர் புரொஜெக்டர் ஒன்றைக் கீழே இறக்கி வைப்பவர் எவரும் முதலில் விரும்புவது, உடன் கிடைத்த படச்சுருளை அதில் மாட்டி ஓட்டிப் பார்க்கவே. இளம்பெண்ணாய் வெயிலில் கண் கூசி நிற்கும் பாட்டி, தவழும் பருவத்துத் தந்தை, இன்று இல்லாத ஒரு வீட்டின் முற்றம் என அச்சுருளில் இருப்பவை அனைத்தும் அவரை அவசரப்படுத்துகின்றன. அந்த அவசரத்தில்தான் பெரும்பாலான குடும்பச் சுருள்கள் அழிந்திருக்கின்றன. கொடுக்கும் ரீலுக்கும் வாங்கும் ரீலுக்கும் இடையே பிலிம் கடந்து செல்லவேண்டிய தூரம் ஒன்றிரண்டு முழம்தான். ஆயினும் அம்முழத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர் கை, அறியாதவர் கையைவிட மெதுவாகவே செயல்படும் என்று நாம் எண்ணுகிறோம்.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. திரையரங்குகளுக்கு வந்த படங்களுக்கு நெகட்டிவ் ஒன்று எங்கோ பத்திரமாக இருக்கும். ஒரு பிரதி கிழிந்தால் மற்றொன்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் படங்கள் அப்படியல்ல. காமிராவுக்குள் ஒளிபட்ட அதே பிலிமே மருந்தில் கழுவப்பட்டு, நேர்ப்படமாக மாற்றப்பட்டு, உரியவரிடம் திரும்பி வந்தது. 1923இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் பிலிமை அறிமுகப்படுத்தியபோது கையாண்ட முறை இதுவே. செலவு பாதியாகக் குறைந்தது. ஆனால் திரையில் ஓடுவது மூலமும் முடிவுமான ஒரே பிரதி என்றாயிற்று. புரொஜெக்டரில் அது கிழிந்தால் கிழிந்ததுதான்.

இனி, பிலிமைக் கோக்கும் முறையின் உள்ளே சற்று நுழைவோம். புரொஜெக்டரில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு ஓட்டங்கள் உள்ளன. ரீல்களும் பல்சக்கரங்களும் நிற்காமல் ஒரே சீராகச் சுழல்கின்றன. விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே உள்ள கேட் என்னும் சிறு சாளரத்திலோ, பிலிம் நின்று நின்றுதான் இறங்க வேண்டும். நகம் போன்ற ஒரு சிறு கொக்கி பிலிமின் துளைக்குள் நுழைந்து, ஒரு கட்டத்தைக் கீழே இழுத்துவிட்டு, விலகி, மேலேறி, அடுத்த துளையைப் பற்றுகிறது. கொக்கி விலகியிருக்கும் அந்த இமைப்பொழுதில் பிலிம் அசையாது நிற்கும். அப்போதுதான் ஒளி அதை ஊடுருவுகிறது. இழுபடும்போது ஷட்டர் ஒளியை மறைத்துக்கொள்ளும். மௌனப்படக் காலத்து வீட்டுக் கருவிகளில் விநாடிக்கு 16 தடவை இது நிகழ்ந்தது. பல கருவிகளில் ஷட்டருக்கு மூன்று இதழ்கள். ஆகவே ஒளி விநாடிக்கு 48 முறை வெட்டுப்பட்டு, கண் அந்த இருளை உணராமல் போயிற்று.

சீராக ஓடும் பல்சக்கரம் ஒருபுறம், நின்று நின்று இழுக்கும் கொக்கி மறுபுறம் என இரண்டுக்கும் இடையே பிலிம் விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தால் என்னவாகும்? ஒவ்வோர் இழுப்பிலும் துளையின் ஓரம் தெறிக்கும். இதற்குத் தீர்வாக அமைந்ததே கேட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பிலிமைச் சற்றுத் தளர்த்தி வளைத்து விடும் லூப். தமிழில் தொய்வு எனலாம். கொக்கி இழுக்கும்போது மேல்தொய்வு குறைந்து கீழ்த்தொய்வு பெருகும். அடுத்த கணம் பல்சக்கரம் ஓடி ஓடி அவ்விரண்டையும் சரிசெய்துகொள்ளும். படம் ஓடும்போது கருவியின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இவ்விரு வளைவுகளும் படபடவென்று துடிப்பதைக் காணலாம்.

இத்தொய்வு எங்கிருந்து வந்தது? 1894இல் நியூயார்க்கில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எடிசனின் கினெட்டோஸ்கோப்பில் இது இல்லை, தேவையும் இல்லை. ஒருவர் குனிந்து துளைவழியே பார்க்கும் அப்பெட்டிக்குள் சுமார் 50 அடிப் பிலிம் நில்லாமல் ஓடிற்று. 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் கட்டணம் பெற்றுப் படம் காட்டிய லூமியேர் சகோதரரின் கருவியில் கொக்கி இருந்தது. ஆனால் அவர்களது பிலிம் 17 மீட்டர்தான். ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடி முடியும் அந்த இலேசான சுருளைக் கொக்கி ஒன்றே இழுத்துச் சமாளித்தது. நீண்ட சுருளின் கனத்தைக் கொக்கி நேராக இழுக்க முயன்றால் பிலிம் தாங்காது.

நீண்ட பிலிம் வேண்டும் என்ற ஆசை, நம்மில் பலர் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, குத்துச்சண்டைக் கூடத்திலிருந்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் பக்கம் நின்ற உட்வில் லேதம் என்பவரும், அவர் மைந்தர்களான ஆட்வே, கிரே ஆகியோரும் கினெட்டோஸ்கோப் பெட்டிகளில் குத்துச்சண்டைப் படம் காட்டிப் பிழைத்தனர். ஒரு பெட்டிக்கு ஒரு சுற்று என ஆறு பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தனர். பார்ப்பவர் பெட்டிக்குப் பெட்டி நகரவேண்டும். முழுச் சண்டையையும் ஒரே சுருளில், சுவரில் பெரிதாக, கூட்டமாக அமர்ந்து பார்க்க முடியாதா என்ற கேள்வி அவர்களுக்கு எழுந்தது. பிரான்சிலிருந்து வந்த யூஜின் லோஸ்த் என்னும் கம்மியரும், அப்போது எடிசனிடம் பணிபுரிந்துகொண்டே இவர்களுக்கு மறைவாக யோசனை சொல்லிவந்த டிக்சனும் உதவினர். 1895 மே மாதம் நியூயார்க்கில் எய்டோலோஸ்கோப் என்ற பெயரில் இவர்களது படம் மக்களுக்குக் காட்டப்பட்டது. பிலிமைத் தளர்த்திவிடும் உத்தி முதலில் இவர்களது காமிராவில்தான் அமைந்தது. பிறகு புரொஜெக்டர்கள் அனைத்துக்கும் அது பொதுவாயிற்று.

அவ்வுத்தி யாருடைய மூளையில் உதித்தது என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. லேதம் பெயரில்தான் 1902 ஆகஸ்டில் அதற்குக் காப்புரிமை கிட்டியது. அதற்கு முன்பே பணமுடையால் உரிமை கைமாறிவிட்டது. 1908இல் பயோகிராஃப் நிறுவனம் அதை வாங்கிற்று. அதே ஆண்டின் இறுதியில் எடிசனும் பயோகிராஃபும் பிறரும் சேர்ந்து அமைத்த காப்புரிமைக் கூட்டிணைப்பு, அமெரிக்காவில் படம் எடுப்போர், காட்டுவோர் அனைவரிடமும் கட்டணம் தண்டுவதற்கு இக்காப்புரிமையையும் ஓர் ஆயுதமாக ஏந்திற்று. 1912இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டங்குலப் பிலிமைத் தளர விடுவதற்குக்கூட ஒருவருக்குக் காசு கொடுக்கவேண்டியிருந்த அந்த நாள்களை இன்றைய மென்பொருள் வழக்குகளோடு ஒப்பிட்டு நோக்கினால் மனித இயல்பில் பெரிய மாற்றம் இல்லை என்பது விளங்கும். லேதம் குடும்பத்துக்கோ இதனால் பெருஞ்செல்வம் ஒன்றும் சேரவில்லை.

இதே காலத்தில் மற்றொரு காப்புரிமை வழக்கும் நடந்தது. அதை விட்டுவிட மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அதன் நாயகர் ஒரு குரு. நியூ ஜெர்சி மாநிலத்து நுவார்க் நகரில் எப்பிஸ்கோப்பல் சபைக் குருவாக இருந்த ஹானிபல் குட்வின், மறைக்கல்வி வகுப்புகளில் விவிலியக் காட்சிகளைக் காட்டுவதற்கு உடையாத, வளையக்கூடிய ஒரு பொருள் வேண்டும் என்று தம் இல்லத்தின் மேல்மாடியில் ஆண்டுக்கணக்கில் வேதியியல் சோதனை செய்தவர். ஒளி புகக்கூடிய செல்லுலாய்டுச் சுருளுக்கு அவர் காப்புரிமை கோரியது 1887ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், கிடைத்தது 1898இல். 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் இறந்தார். ஈஸ்ட்மன் கோடாக்கை எதிர்த்து அவருடைய உரிமையைப் பெற்ற நிறுவனம் நடத்திய வழக்கு 1914இல் 50 இலட்சம் டாலருக்குத் தீர்ந்தது. பங்கு இல்லத்தின் மேல்மாடியில் இத்தகைய வேலை நடந்திருக்கிறது என்பது நம் போன்றோர்க்குச் சற்றுப் பெருமை தருவதே.

ஆனால் அந்தச் செல்லுலாய்டு தீப்பிடிக்கும். நைட்ரேட் சேர்ந்த அப்பொருள் எரியத் தொடங்கினால் நீரிலும் அணையாது. திரைப்படமும் தீயும் சேர்ந்த முதற்பெருந்துயரம் 1897 மே 4ஆம் நாள் பாரிசில், ஏழைகளுக்காகக் கத்தோலிக்க உயர்குடியினர் ஆண்டுதோறும் நடத்திய அறச்சந்தையில் நேர்ந்தது. உண்மையில் அன்று பிலிம் தீயைத் தொடங்கவில்லை. ஈத்தரும் ஆக்சிஜனும் கொண்டு எரியும் விளக்கை நிரப்புகையில் ஒருவர் தீக்குச்சி கிழித்ததே காரணம். 126 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின் தங்கை அலான்சோன் கோமகளும் அவர்களுள் ஒருவர். 1926 செப்டம்பர் 5ஆம் நாள் அயர்லாந்தின் டிரம்காலகர் சிற்றூரில் ஒரு மரமாடியில் படம் காட்டியபோதோ, மேசைமேல் திறந்து கிடந்த பிலிம் சுருளை மெழுகுதிரியின் சுடர் பற்றியது. 48 உயிர்கள் போயின. கனம் குறையட்டும் என்று சுருள்களை உலோகப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்துக் கொண்டுவந்திருந்தனர்.

இத்தகைய பொருளை எவரும் தம் வீட்டுக் கூடத்தில், குழந்தைகள் சூழ்ந்திருக்க, சூடான விளக்கின் முன் ஓட்ட விரும்புவார்களா? எனவே வீட்டுத் திரைப்படத்தின் வரலாறு எரியாத பிலிமின் வரலாறாகவே தொடங்கிற்று. 1912இல் பாத்தே நிறுவனம் 28 மில்லிமீட்டர் அகலத்தில் அசிட்டேட்டுப் பிலிமை வெளியிட்டது. 1922ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு அந்நிறுவனமே பாத்தே பேபி என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தது. அதன் பிலிம் 9.5 மில்லிமீட்டர் அகலமே. துளைகள் ஓரத்தில் இல்லாமல் இரு கட்டங்களுக்கு நடுவே மையத்தில் இருந்தன. எனவே அகலம் முழுவதையும் படத்துக்கே பயன்படுத்த முடிந்தது. மிக்க அறிவான ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு தீங்கும் உண்டு. ஓரத்துத் துளையில் கொக்கி தவறினால் ஓரம் கிழியும். மையத்துத் துளையில் தவறினால் நகம் முகத்திலேயே கீறும். இன்று கிடைக்கும் 9.5 சுருள்கள் பலவற்றில் நடுவே நெடுகச் செல்லும் அக்கீறலைக் காணலாம்.

அக்கருவியில் நம்மை வியப்பிலாழ்த்தும் இன்னொன்று உண்டு. வசன அட்டைகள் திரையில் சில விநாடி நிற்கவேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான கட்டங்கள் வீணாகும். பாத்தே பொறியாளர்கள் அட்டைக்குச் சில கட்டங்களை மட்டுமே அச்சிட்டு, பிலிமின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இட்டனர். வெட்டு வந்ததும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாலும் பிலிம் நின்றுவிடும். சற்றுக் கழித்துத் தானே நகரும். விளக்கு சிறியது, ஆதலால் நின்ற பிலிம் கருகவில்லை. பின்னாளில் வலிய விளக்குகள் வந்தபின் அவ்வாறு நிறுத்த இயலவில்லை. பழைய வெட்டுச் சுருளைப் புதிய கருவியில் ஓட்டியவர்கள், வசன அட்டை மின்னி மறைவதைக் கண்டு தம் கருவி கெட்டுவிட்டதோ என்று திகைத்திருப்பர்.

கோடாக் 16 என்ற எண்ணைத் தேர்ந்ததற்கும் காரணம் சொல்லப்படுவதுண்டு. 35ஐப் பாதியாக வெட்டினால் 17.5 வரும், 16 வராது. மலிவான நைட்ரேட்டுப் பிலிமை எவரும் பிளந்து வீட்டுக் கருவியில் நுழைத்துவிட முடியாது. ஆனால் விலை எளிதன்று. காமிரா, புரொஜெக்டர், திரை முதலியன சேர்ந்த தொகுதி 335 டாலர். அக்காலத்து ஃபோர்டு மாடல் டி கார் ஒன்றை அதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம். பொருளாதார மந்தம் சூழ்ந்த 1932இல் 8 மில்லிமீட்டர் வந்தது. 16 மில்லிமீட்டர் அகலமும் 25 அடி நீளமும் உள்ள சுருளை முதலில் ஒருபாதியிலும், திருப்பிப் போட்டு மறுபாதியிலும் படம்பிடித்து, கழுவியபின் நடுவே பிளந்து ஒட்டினால் 50 அடி. அடிக்கு 80 கட்டம். மொத்தம் 4,000 கட்டம். திரையில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரு குடும்பத்தின் ஒரு கோடை விடுமுறை முழுவதும் பெரும்பாலும் இந்த நான்கு நிமிடத்துக்குள் அடங்கிற்று.

அரங்கில் பயிற்சிபெற்ற ஆபரேட்டர் செய்த வேலையை இனி வீட்டில் தந்தையோ மூத்த மகனோ செய்யவேண்டியதாயிற்று. அதுவும் விளக்கை அணைத்துவிட்டு, உறவினர் காத்திருக்கையில்! அவர்களை அலைக்கழித்த கோளாறுகள் நாடெங்கும் ஒன்றே. திரையில் படம் திடீரெனக் குதித்து நடுங்குகிறது. கருவியிலிருந்து கடகடவென ஓர் ஓசை எழுகிறது. கீழ்த்தொய்வு போய்விட்டது என்பதற்கு இதுவே அடையாளம். கிழிந்த துளையிலோ தடித்த ஒட்டிலோ கொக்கி ஒருமுறை தவறினால் போதும். பல்சக்கரம் மிச்சமிருந்த தளர்ச்சியை விழுங்கிவிடும். அதன்பின் கொக்கியும் பல்சக்கரமும் பிலிமை ஆளுக்கொருபுறம் இழுக்கும். உடனே நிறுத்தி, தொய்வை மீண்டும் அமைக்கவேண்டும். பலரோ அடுத்த காட்சியில் சரியாகிவிடும் என்று ஓடவிட்டனர். அவ்வாறு ஓடவிட்ட ஒவ்வோர் அடியிலும் 80 துளைகள் பழுதாயின.

மேல்தொய்வு சிறுத்துவிட்டால் கொக்கிக்குப் பிலிம் கிடைக்காமல் படம் மங்கித் தள்ளாடும். பெருத்துவிட்டால் வளைவு கருவியின் உடலில் உரசிக் கோடு விழும். திரையில் ஒருவருடைய கால் மேலேயும் தலை கீழேயும் தெரிவதைக் கண்டு பிலிமைத் தவறாகக் கோத்துவிட்டோம் என்று பலர் பதறியதுண்டு. அது கோர்வையின் குற்றமே அன்று. கட்டத்தைச் சரிசெய்யும் ஒரு திருகைச் சிறிது திருப்பினால் தீரும். படம் அழகாக ஓட, பிலிம் மட்டும் தரையில் குவிந்துகொண்டிருப்பது இன்னொரு வகை. வாங்கும் ரீலை இழுக்கும் பட்டை நெகிழ்ந்துவிட்டது என்பது பொருள். இருளில் யாரும் காணாததால் காலடியில் மிதிபட்ட குடும்பப் படங்கள் ஏராளம்.

பேசும் 16 மில்லிமீட்டர் பிலிம் வந்தபின் இரண்டு புதிய தொல்லைகள் சேர்ந்தன. ஒலிக்கோட்டுக்கு இடம் வேண்டி ஒருபுறத் துளைகள் நீக்கப்பட்டன. இருபுறமும் பல் கொண்ட பழைய மௌனக் கருவியில் அப்பிலிமைக் கோத்தால், பல்சக்கரம் தனக்கு வேண்டிய துளைகளைத் தானே ஒலிக்கோட்டின்மேல் குத்திக்கொண்டுபோகும். மற்றொன்று நுட்பமானது. ஒலியைப் படிக்கும் இடம் கேட்டுக்குக் கீழே இருப்பதால், ஒரு கட்டத்துக்குரிய ஒலி அதற்கு 26 கட்டங்கள் முன்னதாகப் பிலிமில் பதிவாகியிருக்கும். கீழ்த்தொய்வு அதற்கென வரையப்பட்ட குறியைவிட நீண்டாலோ குறுகினாலோ வாயசைவு ஒருபுறமும் சொல் ஒருபுறமுமாகப் போகும். நம் நாட்டுப் பள்ளிகளிலும் பங்கு மன்றங்களிலும் 16 மில்லிமீட்டர் படம் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தொல்லைகளுக்கு முடிவுகட்டவே தானியங்கிக் கோர்வை வந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வீட்டுக் கருவிகளில் அது பரவிற்று. பிலிமின் நுனியை ஒரு பிளவில் நீட்டினால் போதும். வளைந்த தடங்கள் அதை வாங்கி, தொய்வுகளையும் தாமே அமைத்து, வாங்கும் ரீலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1965இல் பெட்டியிலடைத்த சூப்பர் 8 பிலிமும் வந்தபின், காமிராவிலும் புரொஜெக்டரிலும் பிலிமை விரலால் தொடவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எளியோர் கைக்கும் திரைப்படம் எட்டியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் இதில் முழுமனத்தோடு மகிழ இயலவில்லை. கையால் கோத்த கருவியில் பிலிமின் பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கே சிக்கிற்று என்று விரல் வைத்துச் சொல்லலாம். தானியங்கிக் கருவியிலோ பாதை மூடிய தடத்துக்குள் மறைந்துவிட்டது. நுனி சற்றுச் சுருண்டிருந்தாலும், கோணலாகக் கிழிந்திருந்தாலும் உள்ளே எங்கோ முட்டி நிற்கும். பின்னால் வரும் பிலிம் அதன்மேல் மடிப்பு மடிப்பாகக் குவியும். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதை அறிந்துதான் தயாரிப்பாளர்கள் பல கருவிகளின் உடலிலேயே நுனியை வெட்டித் திருத்தும் ஒரு சிறு கத்தியையும் பொருத்தினர். அது எதற்கென்று அறியாதவர்களே மிகப் பலர்.

சூப்பர் 8 இன்னொரு கண்ணியையும் வைத்தது. அகலம் பழைய 8 மில்லிமீட்டரின் அகலமே. ஆனால் துளை சிறியது, துளைக்குத் துளை உள்ள இடைவெளி 3.81 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 4.23ஆகக் கூடிற்று. இரண்டையும் ஓட்டும் கருவிகளில் ஒரு மாற்றுவிசை இருக்கும். அதைத் திருப்ப மறந்தால் கொக்கி துளையில்லாத இடத்தைக் குத்தும். பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நம்பாமல் துளையைக் கண்ணால் பார்த்துவிடுவதே முறை. பழைய 8இல் துளை இரு கட்டங்களுக்கிடையே உள்ள கோட்டுக்கு நேராக இருக்கும். சூப்பர் 8இல் கட்டத்தின் நடுவுக்கு நேராக இருக்கும்.

இதுவரை சொன்னவை கருவியின் குற்றங்களும் கையின் குற்றங்களும். இன்று பரணிலிருந்து இறங்கும் சுருளில் மூன்றாவது ஒன்று சேர்ந்துள்ளது: பிலிமே மாறிவிட்டது. தீப்பிடிக்காதது என்று போற்றப்பட்ட அசிட்டேட்டு, வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் காடிநெடி அதுதான். டிரை அசிட்டேட்டுப் பிலிம் 1948இல் வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் அது கெடுகிறது என்ற முதல் முறையீடு ஈஸ்ட்மன் கோடாக்குக்குச் சென்றது இந்திய அரசிடமிருந்து. நம் வெப்பமே அந்நோயை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது என்றால் மிகையன்று.

சிதையும் பிலிம் சுருங்குகிறது. நூற்றுக்கு ஒன்று என்பது மிகச் சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் உலோகப் பல் சுருங்குவதில்லை. நூறு துளைக்கு ஒரு துளை வீதம் பிலிம் பிந்தும். பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் துளையின் நடுவே அமராமல் ஓரத்தில் ஏறி அமரும். தொய்வு தானாகவே கரையும். எத்தனை முறை திருத்தமாகக் கோத்தாலும் சில அடிகளில் மீண்டும் கடகடக்கும். கருவியைக் குறைகூறிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றுவோர் பலர்; நோய் இருப்பதோ சுருளில். சுருக்கம் ஒரு விழுக்காட்டை எட்டிய பிலிமைப் புரொஜெக்டரில் ஓட்டவே கூடாது என்பது காப்பகத்தாரின் பொதுவான நிலை.

ஒரு சுருள் போனால் என்ன என்று கேட்பவருக்கு இரண்டு சுருள்களைச் சுட்டலாம். 1963 நவம்பர் 22ஆம் நாள் டாலசில், ஆபிரகாம் சப்ருடர் என்ற உடைத் தயாரிப்பாளர் தம் 8 மில்லிமீட்டர் காமிராவில் எடுத்த 26 விநாடிப் படமே அதிபர் கென்னடி சுடப்பட்டதற்குத் தலையாய சான்றாயிற்று. அந்த மூலச் சுருளை விலைக்கு வாங்கிய லைஃப் இதழின் பணிக்கூடத்தில் கையாளும்போது சில கட்டங்கள் சேதமுற்று நீங்கின. படமெடுத்த அன்றே மூன்று பிரதிகள் எடுத்துவைத்திருந்ததால்தான் அவ்விடைவெளியை நிரப்ப முடிந்தது. மற்றொன்று டேவ் டட்சுனோ எடுத்தது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய மரபினர் என்பதற்காகவே யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். தடைசெய்யப்பட்டிருந்த தம் 8 மில்லிமீட்டர் காமிராவை மறைவாக வருவித்து, முகாம் மக்களின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தார். பனியில் விளையாடும் சிறுவர், தோட்டமிடும் முதியோர் என அனைத்தும் வண்ணத்தில் உள்ளன. 1996இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. இரண்டுமே யாரோ ஒருவர் வீட்டுக் கருவியில் கோத்து ஓட்டியிருக்கக்கூடிய சாதாரணச் சுருள்கள்.

ஆகவே, பரணிலிருந்து இறக்கிய கருவியை என்ன செய்வது? முதலில் சுருளை அதனருகே கொண்டுபோகாதிருப்பது. மூடியைத் திறந்து முகர வேண்டும். காடிநெடி அடித்தாலோ, பிலிம் அலையலையாய் நெளிந்திருந்தாலோ, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நெடி இல்லையெனில், பருத்திக் கையுறையோடு ஓரங்களை விரலிடையே மெல்ல ஓடவிட்டால் கிழிந்த துளையும் விட்டுப்போன ஒட்டும் தட்டுப்படும். காய்ந்த ஒட்டுகள் பல கையிலேயே பிரியும். கேட்டுக்குள் பல்லாண்டுப் பிலிம் பூச்சு கல்லாய் இறுகியிருக்கும். அதைச் சுரண்டக் கத்தியோ ஊசியோ உதவாது, நனைத்த பஞ்சும் மரக்குச்சியுமே ஏற்றவை. ரப்பர்ப் பட்டைகளும் சக்கரங்களும் நாட்பட்டால் இறுகி வெடிக்கும், அல்லது தார்போல் உருகி ஒட்டும். அவற்றை மாற்றியே ஆகவேண்டும். பின்னர், இழப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு வீண் பிலிமைக் கோத்து, விளக்கை ஏற்றாமல், கையால் திருப்பும் குமிழைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கொக்கி துளையில் அமர்வதும், இரு தொய்வுகளும் மாறி மாறித் துடிப்பதும் அப்போது கண்ணுக்குத் தெரியும். அதன்பின் மோட்டார், அதற்கும் பின்னரே விளக்கு. அசிட்டேட்டு தீச்சுடர் விடாது என்பது உண்மையே. ஆனால் கேட்டில் நின்றுவிட்ட கட்டம் ஓரிரு நொடியில் பழுப்பேறிக் கொப்புளித்து உருகும். அங்கே இருந்த முகம் திரும்பாது.

கோக்கவே முடியாதவாறு சுருங்கிவிட்ட சுருள்களுக்கு இன்று வேறு வழி பிறந்துள்ளது. காப்பகங்களிலும் படமாற்று நிலையங்களிலும் உள்ள புதிய ஸ்கேனர்களில் பல்சக்கரமும் இல்லை, கொக்கியும் இல்லை. மெத்தென்ற உருளைகள் பிலிமைத் தாங்கிச் சீராக நகர்த்துகின்றன. துளை எங்கிருக்கிறது என்பதை ஒளியுணரி பார்த்துச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டமும் அதன் இடத்துக்கு வரும்போது ஒரு மின்னொளி வெட்டி அதைப் பதிவுசெய்துகொள்கிறது. பிலிம் ஓரிடத்திலும் நிற்பதில்லை, எங்கும் இழுபடுவதில்லை. எடிசனின் பெட்டியில் 1894இல் ஓடியதுபோலவே அது நில்லாமல் ஓடுகிறது. லேதம் குடும்பத்தார் கண்ட தொய்வுக்கு அங்கே வேலையே இல்லை.